கயிற்றின் மறுமுனை

கர்நாடகப் பள்ளிக்கூடங்கள் ஏப்ரல் இரண்டாம் வாரத்திலேயே மூடிவிடும். தமிழ்நாட்டுப் பிள்ளைகள் முழுப் பரீட்சை எழுதிக்கொண்டிருக்கும்போதே பெங்களூர்ப் பிள்ளைகள் கிரிக்கெட் மட்டையோடு தெருவுக்கு வந்துவிடுவார்கள். சாலையோரக் குல்மோஹர் மரங்கள் சிவக்கும். சாயங்காலமானால் இடி மின்னலோடு மாங்காய் மழை கொட்டும். மே மாதக் கடைசி வரைக்கும் ஏறத்தாழ ஏழு வாரம். தொண்ணூறுகளின் நடுவிலிருந்து அந்த ஏழு வாரத்தில் எனக்கு வீடு வாசல் நினைப்பே இருந்ததில்லை. நான் பிள்ளைகளுக்குக் கோடை முகாம் நடத்துகிறவள். பத்து வயதிலிருந்து பதினான்கு வயது வரையுள்ள பிள்ளைகளை ராமநகரத்துப் பக்கம் ஒரு மாந்தோப்பில் பத்து நாள் தங்கவைத்து, சமைக்கவைத்து, பாறை ஏறவைத்து, நாடகம் போடவைத்து, பத்திரமாக வீட்டுக்கு அனுப்புவது என் வேலை. மீதி மாதங்கள் அதற்கான ஏற்பாட்டில் கழிந்துவிடும்.

இந்த வேலையில் தலைமுடி நரைத்த பிறகு ஒன்றை உறுதியாகச் சொல்ல முடிகிறது. முகாமில் பிள்ளை கற்றுக்கொள்ளும் முடிச்சும் பாட்டும் நீச்சலும் மறந்துபோகலாம். முன்பின் தெரியாத ஒருவரை நம்பலாம், அவரும் நம்மை நம்புவார் என்று அந்தப் பத்து நாளில் உடம்பில் ஏறும் அறிவு மறப்பதில்லை. அந்த அறிவை உண்டாக்குவதற்குத்தான் இந்தத் தொழிலின் நுணுக்கங்கள் அத்தனையும்.

பெரியம்மா வீடு

என் சிறு வயதில் பெங்களூர்த் தமிழர்கள் முகாமைத் தேடிப் போனதில்லை. அல்சூர், ஸ்ரீராமபுரம், காக்ஸ் டவுன், மர்பி டவுன் வீடுகளிலிருந்து லீவு விட்ட மறுநாளே குடும்பம் குடும்பமாக ரயிலேறிவிடுவார்கள். ஜோலார்பேட்டை தாண்டினால் போதும், பிள்ளைகளுக்கு ஊர் வாசனை வந்துவிடும். பெரியம்மா பிள்ளைகள், சித்தி பிள்ளைகள், மாமா பிள்ளைகள் என்று ஒரு பட்டாளமே திண்ணையிலும் முற்றத்திலும் வரிசையாகப் பாய் விரித்துப் படுக்கும். ஒரே கிணற்றில் குளியல், ஒரே சட்டியில் பழைய சோறு. காலையில் அடித்துக்கொண்டவர்கள் மத்தியானம் ஒன்றாக நுங்கு தின்பார்கள். கோபித்துக்கொண்டு எங்கே போய்விட முடியும்? திரும்பி வரும் ரயில் லீவு முடியும்போதுதானே!

அந்த வீடுகள் ஒவ்வொன்றாக விற்றுப்போயின. தாத்தா பாட்டி போனார்கள். பெரியம்மாவின் பிள்ளைகள் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் போனார்கள். இன்று எங்கள் முகாமுக்கு வருகிற பிள்ளைகளில் பெரும்பாலோர் வீட்டுக்கு ஒரே பிள்ளை. பெரியம்மா வீடு இல்லாத பிள்ளைகளுக்கு முகாம்தான் பெரியம்மா வீடு. ஒரு வித்தியாசம் உண்டு. ஊரில் கூடியவர்கள் எல்லோரும் ஒரே ரத்தம், ஒரே சாதி, ஒரே பாஷை. முகாமில் கூடுகிறவர்களுக்கு அப்படி ஒரு முன்கட்டு கிடையாது. அதை நாங்கள் பத்து நாளில் கட்டியாக வேண்டும்.

தொட்டபள்ளாபுரத்துக் கூடாரம்

நான் முகாமைக் கண்டது கைட்ஸ் என்னும் சாரணியர் சீருடையில். எண்பதுகளின் தொடக்கம். ஸ்ரீராமபுரத்திலிருந்து பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த எனக்கு, நீலச் சீருடையும் கழுத்துத் துணியும் போட்டுக்கொள்ளலாம் என்பதே பெரிய ஆசையாக இருந்தது. தொட்டபள்ளாபுரத்தில் சாரணர் இயக்கத்தின் பயிற்சித் திடல் இருக்கிறது. அன்னி பெசன்ட் பெயரில் அமைந்தது. அங்கேதான் முதல் முகாம்.

அந்தப் பெயருக்குப் பின்னால் ஒரு கதை உண்டு. பேடன் பவல் 1907 ஆகஸ்டில் இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவில் இருபது சொச்சம் பையன்களை வைத்து ஒரு சோதனை முகாம் நடத்தினார். பணக்காரப் பள்ளிகளில் படித்தவர்களும் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளும் கலந்திருந்தார்கள். அவர்களை ஓநாய், காளை, காகம், கர்லூ பறவை என்று நான்கு அணிகளாகப் பிரித்தார். சாரணர் இயக்கம் அங்கிருந்து தொடங்கியது. இரண்டே ஆண்டில், 1909இல், கேப்டன் டி. ஹெச். பேக்கர் பெங்களூரில் ஒரு சாரணர் படையைத் தொடங்கிவிட்டார். இந்தியாவில் சாரணர் இயக்கம் வேர்விட்ட முதல் ஊர்களில் ஒன்று எங்கள் ஊர். ஆனால் அதில் வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்கும் ஆங்கிலோ இந்தியப் பிள்ளைகளுக்கும்தான் இடம். இந்தியப் பிள்ளைகளைச் சேர்க்கவில்லை. அந்த மறுப்புக்குப் பதிலாக அன்னி பெசன்டும் அவருடைய சகா அருண்டேலும் 1917இல் சென்னையில் இந்தியப் பிள்ளைகளுக்கென்றே ஒரு சாரணர் சங்கம் தொடங்கினார்கள். 1921இல் பேடன் பவல் இந்தியா வந்தபோது அந்தச் சங்கம் அவருடைய இயக்கத்தோடு இணைந்தது. பல கிளைகளாகக் கிடந்தவை 1950 நவம்பர் 7 அன்று பாரத சாரணர் சாரணியர் இயக்கமாக ஒன்று சேர்ந்தன. யாரோடு யார் சேர்ந்து கூடாரம் அடிக்கலாம் என்ற கேள்வி இந்த இயக்கத்துக்குள் ஆரம்பத்திலிருந்தே இருந்திருக்கிறது. முகாம் நடத்துகிற ஒவ்வொருவரும் அந்தக் கேள்விக்கு ஆண்டுதோறும் புதிதாகப் பதில் சொல்ல வேண்டும்.

எங்கள் அணியில் எட்டுப் பேர். என்னோடு ஜோடி சேர்த்தது மல்லேஸ்வரத்துக் கன்னடப் பெண்ணை. எனக்கு அப்போது கன்னடம் கடைத்தெரு அளவுக்குத்தான் வரும். அவளுக்குத் தமிழ் சினிமாப் பாட்டு அளவுக்கு. மல்லேஸ்வரமும் ஸ்ரீராமபுரமும் ரயில் பாதையின் இரண்டு பக்கம். அவள் வீட்டு ரயில் சத்தமும் என் வீட்டு ரயில் சத்தமும் ஒன்றே. ஆனாலும் அந்த முகாம் இல்லாவிட்டால் நாங்கள் சாகும்வரை ஒருவரை ஒருவர் பார்த்திருக்கமாட்டோம். அந்தப் பக்கத்துக்கும் இந்தப் பக்கத்துக்கும் போக்குவரத்து இருந்தது, பழக்கம் இருக்கவில்லை.

மூன்றாம் நாள் இரவு மழை பிடித்துக்கொண்டது. கூடாரத்தைச் சுற்றி வெட்டிய கால்வாய் நிரம்பி, மண் இளகி, முளைகள் கழன்றன. எட்டுப் பேரும் ஆளுக்கொரு கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றோம். எனக்கு நேர் எதிரே அவள். அவள் விட்டால் என் பக்கம் சரியும், நான் விட்டால் அவள் பக்கம் சரியும். மழை விடும்வரை இருவரும் விடவில்லை. காலையில் உள்ளங்கை தோல் உரிந்திருந்தது. அன்றைக்கு மத்தியானம் சாப்பாட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவ்வளவுதான், சிநேகிதம் ஆகிவிட்டது.

1991 டிசம்பரில் காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்கால உத்தரவையொட்டிப் பெங்களூரில் தமிழர்கள்மீது வன்முறை வெடித்தது. கடைகள் எரிந்தன. எங்கள் தெருவில் விளக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தோம். அப்பா ஊரில் இல்லை. அம்மாவும் நானும் தம்பியும். இருட்டியதும் ஒரு ஸ்கூட்டர் வாசலில் வந்து நின்றது. மல்லேஸ்வரத்துச் சிநேகிதியின் அப்பா. "வாங்கம்மா, நம்ம வீட்டுக்குப் போகலாம்" என்று கன்னடத்தில் சொன்னார். முதலில் அம்மாவையும் தம்பியையும், அடுத்த நடையில் என்னையும் ரயில் பாதையைத் தாண்டிக் கூட்டிப்போனார். கலவரம் ஓயும்வரை அவர்கள் வீட்டு நடுக்கூடத்தில் படுத்தோம். அவருக்கு எங்கள் குடும்பத்தைப் பற்றித் தெரிந்ததெல்லாம், தன் மகளோடு மழையில் கயிறு பிடித்த பெண் நான் என்பதுதான்.

நான் பி.எட். முடித்து ஆசிரியை ஆகியிருக்க வேண்டியவள். முகாம் பக்கம் வந்ததற்கு அந்த ஸ்கூட்டர்தான் காரணம். ஒரு நகரத்தில் இப்படி எத்தனை கயிறுகளை முன்கூட்டியே கட்டிவைக்க முடியும் என்ற யோசனை எனக்குள் அப்போது புகுந்தது. இன்னும் அது வெளியே போகவில்லை.

பட்டியல் போடுவது

முகாம் நடத்துவதில் முக்கால்வாசி வேலை பிள்ளைகள் வருவதற்கு முன்பே முடிந்துவிடும். யார் எந்தக் கூடாரம் என்ற பட்டியல்தான் அந்த முக்கால்வாசி. ஒரே பள்ளியிலிருந்து வருகிற இருவரை ஒரே கூடாரத்தில் போடமாட்டேன். ஒரே அபார்ட்மென்ட் பிள்ளைகளையும் அப்படியே. அக்கா தங்கையைப் பிரித்துவிடுவேன். "என் பெண் ரொம்பக் கூச்ச சுபாவம், அவ ஃப்ரெண்டோட போட்டுடுங்க" என்று எல்லாத் தாய்மாரும் கேட்பார்கள். கூச்ச சுபாவமுள்ள பிள்ளையைத் தெரிந்தவர்களோடு போட்டால் அது அந்த ஒருத்தியின் முதுகுக்குப் பின்னாலேயே பத்து நாளும் ஒளிந்திருக்கும். யாரையும் தெரியாத இடத்தில், யார் யாரோ புழங்கும் பாஷைகளுக்கு நடுவில், இரண்டாம் நாளே வாயைத் திறந்துவிடும்.

ஒரு கூடாரத்துக்கு ஆறு முதல் எட்டுப் பேர். பேடன் பவல் காலத்திலிருந்து சாரணர்கள் கைக்கொள்ளும் அணி அளவு அதுதான், அனுபவத்தில் அதைவிடச் சரியான அளவு எனக்குத் தென்படவில்லை. நாலு பேரானால் இரண்டு இரண்டாக உடையும். பன்னிரண்டு பேரானால் இருவர் எந்த வேலையும் செய்யாமல் மறைந்துகொள்வார்கள். எட்டுப் பேரில் குறைந்தது மூன்று தாய்மொழிகள் இருக்கும்படி பார்த்துக்கொள்வேன். இது பெங்களூரில் சிரமமே இல்லை. கன்னடம், தமிழ், தெலுங்கு, உருது, மலையாளம், இந்தி எல்லாம் ஒரே பேருந்தில் வந்து இறங்கும். மூன்றில் ஒரு பங்கு இடம் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு, கட்டணமில்லாமல். யார் கட்டணம் கட்டினார்கள், யார் கட்டவில்லை என்பது என்னையும் கணக்கு எழுதுகிறவரையும் தவிர எவருக்கும் தெரியாது. படுக்கை, தட்டு, டார்ச், தொப்பி எல்லாம் முகாமே கொடுத்துவிடும். வீட்டிலிருந்து வரும் பொருள்தான் பிள்ளைகளுக்குள் முதல் கோட்டைப் போடுகிறது.

பகல் முகாமை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் தங்கும் முகாம் செய்வதை அது செய்யாது. கான்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி ஹால் 2018இல் வெளியிட்ட ஆய்வு, தெரிந்தவர் சாதாரண நண்பராக ஐம்பது மணி நேரமும், நண்பர் என்று சொல்லிக்கொள்ளத் தொண்ணூறு மணி நேரமும், நெருங்கிய நண்பராக இருநூறு மணி நேரத்துக்கு மேலும் சேர்ந்து கழிக்க வேண்டியிருக்கிறது என்கிறது. அது பெரியவர்களையும் கல்லூரி மாணவர்களையும் பற்றிய ஆய்வுதான். ஆனாலும் அதைப் படித்தபோது எங்கள் கணக்கு எனக்குப் புரிந்தது. விழித்திருக்கும் நேரம் நாளுக்குப் பதினைந்து மணி என்றால் பத்து நாளில் நூற்றைம்பது மணி. வகுப்பில் ஆண்டு முழுக்கப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாலும் கரும்பலகையைப் பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளைகளுக்கு அத்தனை நேரம் பேசக் கிடைப்பதில்லை.

முதல் ராத்திரி

முகாமின் மிகக் கடினமான நேரம் முதல் இரவு விளக்கணைத்த பிறகு வரும் ஒரு மணி நேரம். பகல் முழுக்க ஓடிய பிள்ளை படுத்ததும் அம்மாவை நினைக்கும். ஒரு கூடாரத்தில் விசும்பல் கேட்டால் அடுத்த கூடாரத்திலும் கேட்கும். இந்த ஒரு மணி நேரத்தைக் கடத்தத் தெரிந்தவரே முகாம் நடத்தத் தகுதியானவர் என்பேன்.

படுக்கப் போகும் முன் கை ஓயாத வேலை கொடுத்துவிட வேண்டும். எங்கள் முகாமில் முதல் இரவு சாப்பாடு ராகி முத்தே என்கிற களியும் கீரைச் சாறும். சாப்பிட்டு முடித்ததும் பெரிய அண்டாக்களைத் தேங்காய் நாரும் சாம்பலும் போட்டுப் பிள்ளைகளே தேய்க்க வேண்டும். வீட்டில் டம்ளரைக்கூட எடுத்துவைக்காத பிள்ளை, தன்னைவிடப் பெரிய அண்டாவுக்குள் தலையை விட்டுத் தேய்க்கும். பக்கத்தில் தேய்க்கிறவளின் பெயரைக் கேட்கும். தூக்கம் சீக்கிரம் வரும்.

அப்படியும் அழுகிற பிள்ளைக்கு ஆறுதல் சொல்லிப் பயனில்லை. அதற்கு ஒரு பொறுப்பு கொடுக்க வேண்டும். டார்ச்சைக் கையில் கொடுத்து, "ராத்திரி சின்னப் பிள்ளைங்க பாத்ரூம் போகணும்னா நீதான் கூட்டிட்டுப் போகணும். காலணியை உதறிட்டுப் போடச் சொல்லு, தேள் இருக்கும்" என்பேன். தன்னை நம்பி இன்னொருத்தி இருக்கிறாள் என்று தெரிந்ததும் அழுகை அடங்கும். அன்றிரவு பெற்றோரோடு போனில் பேச வைப்பதில்லை. நாங்களே அவர்களுக்கு உண்மை நிலவரத்தைச் சொல்லிவிடுவோம். காய்ச்சலோ, தாங்கமுடியாத வேதனையோ என்றால் வண்டி தயாராக இருக்கும். வீட்டுக்குப் போவதில் எந்த அவமானமும் இல்லை.

இந்தத் தொழிலுக்கு நான் வந்த நாளிலிருந்து நன்மைக்கு மாறியவையும் உண்டு. பெரியவர் ஒருவரும் பிள்ளை ஒன்றும் தனியாக எங்கும் இருக்கக் கூடாது, எப்போதும் இரண்டு பெரியவர்கள் என்பது இன்று எங்களிடம் மீற முடியாத விதி. 2012இல் பிள்ளைகளைப் பாதுகாக்கும் போக்சோ சட்டம் வந்த பிறகு எல்லோரும் இதைப் பேசத் துணிந்தார்கள். பாம்புக்கடிக்கு மருந்து எந்த மருத்துவமனையில் இருக்கிறது என்பதை முகாம் தொடங்கும் முன்பே நேரில் போய் விசாரித்து வைத்துக்கொள்கிறோம். பிள்ளைகளைச் சுதந்திரமாக விட வேண்டுமானால் பெரியவர்கள் அதற்கு முன்னால் இத்தனையும் யோசித்திருக்க வேண்டும்.

பாறையில்

ராமநகரத்துப் பாறைகளை 'ஷோலே' படத்தில் உலகமே பார்த்திருக்கிறது. நிலவியல்காரர்கள் அந்தப் பாறையை க்ளோஸ்பேட் கிரானைட் என்பார்கள். ஆங்கிலேயர் ஆட்சியில் அந்த ஊருக்கு க்ளோஸ்பேட் என்று பெயர். ஏறத்தாழ 250 கோடி ஆண்டு வயதுள்ள பாறை. அங்கேயுள்ள ராமதேவர பெட்ட குன்று 2012இல் பாறுக் கழுகுகளுக்கான சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. அந்தப் பக்கம் நாங்கள் ஏறுவதில்லை, தூரத்திலிருந்து பிள்ளைகளுக்குக் காட்டுவதோடு சரி. நாங்கள் ஏறும் சிறு பாறைகளிலும் மலைத்தேனீக் கூடு இருக்கிறதா என்று முந்தின நாளே பார்த்துவிட வேண்டும். சென்ட் அடித்துக்கொள்ளக் கூடாது, புகை கூடாது, கூச்சல் கூடாது. வெயில் ஏறிப் பாறை கொதிப்பதற்குள், காலை பத்து மணிக்கு முன்னால், எல்லோரும் கீழே இறங்கிவிட வேண்டும்.

பாறை ஏற்றத்தைப் பெற்றோர்கள் துணிச்சல் பயிற்சி என்று நினைக்கிறார்கள். எனக்கு அது ஏறுகிறவளுக்கான பயிற்சியாகப் பட்டதில்லை. கீழே நிற்கிறவளுக்கானது அது. மேலே நங்கூரமிட்ட கேரபினர் என்ற பூட்டு வளையம் வழியாகக் கயிறு போகும். ஒரு முனை ஏறுகிறவளின் இடுப்பு ஹார்னஸில் எட்டு முடிச்சாகக் கட்டியிருக்கும். மறுமுனை கீழே நிற்கிறவளின் இடுப்பில், கயிற்றைப் பிடித்து நிறுத்தும் பிலே கருவியில். ஏறுகிறவள் ஒரு அடி மேலே போனால் இவள் ஒரு அடி கயிற்றை வாங்க வேண்டும். அவள் வழுக்கினால் இவள் பிடிக்க வேண்டும். இவள் எடை குறைந்தவளாக இருந்தால் தரையோடு சேர்த்துக் கட்டிவிடுவோம். பின்னால் எங்கள் பயிற்றுநர் ஒருவர் கயிற்றின் வாலை எப்போதும் பிடித்திருப்பார். ஏறுவதற்கு முன் இருவரும் ஒருவர் பக்கிளையும் முடிச்சையும் மற்றவர் தொட்டுப் பார்த்துச் சொல்ல வேண்டும், கேரபினர் பூட்டியிருக்கிறதா என்று அழுத்திப் பார்க்க வேண்டும். தன் முடிச்சைத் தானே சரி என்று சொல்லிக்கொள்ள அனுமதி இல்லை.

பாதி உயரத்தில் கால் நடுங்கி நிற்கும் பிள்ளை ஒருமுறை கீழே பார்க்கும். அப்போது கீழே நிற்கிறவள் வேடிக்கை பார்த்துக்கொண்டிருக்கிறாளா, தன்னையே பார்த்துக்கொண்டிருக்கிறாளா என்பது அதற்குத் தெரிந்துவிடும். "நான் பிடிச்சிருக்கேன்" என்று எந்தப் பாஷையில் சத்தம் வந்தாலும் கால் அடுத்த விளிம்பைத் தேடும். ஜோடிகளை நான்தான் போடுவேன். முந்தின நாள் யார் யாரோடு சண்டை போட்டார்கள் என்று குறித்துவைத்திருப்பேன். சண்டை போட்ட இருவரும் மறுநாள் ஒரே கயிற்றின் இரண்டு முனையில் இருப்பார்கள்.

போட்டி வேண்டாம்

எங்கள் முகாமில் அணிகளுக்கு மதிப்பெண் பலகை கிடையாது, கோப்பை கிடையாது. இதை ஏற்க வைப்பதற்குப் பெற்றோரைவிட இளம் பயிற்றுநர்களிடம்தான் நான் அதிகம் வாதாட வேண்டியிருக்கிறது. போட்டி வைத்தால் பிள்ளைகள் உற்சாகமாக இருப்பார்கள் என்பது உண்மை. அந்த உற்சாகம் எங்கே போய் முடியும் என்பதற்கு 1954இல் அமெரிக்காவின் ஓக்லஹோமாவில், ராபர்ஸ் கேவ் பூங்காவில் நடந்த ஒரு முகாம் சாட்சி. முஸஃபர் ஷெரிஃப் என்ற உளவியலாளர் பதினோரு வயதை ஒட்டிய 22 பையன்களை இரண்டு குழுவாகப் பிரித்துப் போட்டிகளில் மோதவிட்டார். சில நாளில் ஒருவர் கொடியை மற்றவர் எரித்தார்கள், குடிசையில் புகுந்து சூறையாடினார்கள். சேர்ந்து படம் பார்த்தும் சேர்ந்து சாப்பிட்டும் பகை தீரவில்லை. தண்ணீர்க் குழாய் அடைத்துக்கொண்டபோது, சாப்பாட்டு லாரி கிளம்பாமல் நின்றபோது, இரண்டு குழுவும் கைசேர்க்க வேண்டிவந்தது. அங்கேதான் பகை கரையத் தொடங்கியது. கயிறு இழுக்கும் போட்டியில் எதிரெதிரே நின்று இழுத்த அதே கயிற்றால் லாரியை ஒரே பக்கமாக நின்று இழுத்தார்கள்.

இதற்கு முந்தின ஆண்டு, 1953இல், ஷெரிஃப் நியூயார்க் மாநிலத்தில் இதே சோதனையை நடத்திப் பார்த்துத் தோற்றார். அந்தப் பையன்களை முதலில் எல்லோரோடும் பழகவிட்டு, சிநேகிதம் ஆன பிறகு பிரித்தார். எவ்வளவு தூண்டிவிட்டும் அவர்கள் ஒருவரை ஒருவர் வெறுக்க மறுத்துவிட்டார்கள். இந்தத் தோல்வியைப் பற்றிப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. மல்லேஸ்வரத்து ஸ்கூட்டர் ஏன் வந்தது என்பதற்கு விளக்கம் அதில் இருந்தது. பகை வருவதற்கு முன்பே பழகியிருந்தால், பிறகு யார் வந்து பிரித்தாலும் பிரிவது கடினம். 2016 செப்டம்பரில் காவிரியின் பெயரால் பெங்களூரில் மறுபடி பேருந்துகள் எரிந்தபோது, எங்கள் பழைய முகாம் பிள்ளைகள் எனக்குப் போன் செய்தார்கள். தமிழ்ப் பிள்ளைகள் யார் யார் எங்கே இருக்கிறார்கள், வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டார்களா என்று கேட்டவர்களில் பெரும்பாலோர் கன்னடப் பிள்ளைகள்.

எலிகள் எல்லாம் நாங்களே

கடைசி நாள் நாடகம். இதில் பெங்களூர் எனக்குக் கொடுத்த கொடை பெரியது. பிள்ளைகளை ஒன்று சேர்த்துப் பாட வைக்கவும் ஆட வைக்கவும் வேண்டும் என்ற கவலை இந்த ஊருக்குப் பழையது. சாமராஜபேட்டையில் ஆர். கல்யாணம்மா தொடங்கிய 'மக்கள கூட்டம்' என்ற பிள்ளைகள் சங்கத்தின் பெயர் அங்கே இன்றும் புழங்குகிறது. கப்பன் பார்க்கின் பால பவன் கோடைதோறும் பிள்ளைகளால் நிரம்பும். பள்ளி ஆசிரியையாக இருந்த பிரேமா காரந்த் 1979இல் பெனகா நாடகக் குழுவின் குழந்தை நாடகப் பிரிவைத் தொடங்கினார். ஆஸ்கார் வைல்டின் சுயநல ராட்சசன் கதை கன்னடப் பிள்ளைகளின் நாடகமானது அவர் கையால்தான். அவர் கணவர் பி. வி. காரந்த் சிறு வயதில் வீட்டை விட்டு ஓடிப்போய் குப்பி வீரண்ணா நாடகக் கம்பெனியில் சேர்ந்தவர். அவரை எம்.ஏ. படிக்கக் காசிக்கு அனுப்பியது அந்தக் கம்பெனி. காரந்த் 1989இல் மைசூரில் கட்டிய ரங்காயணம் இன்றும் கோடையில் பிள்ளைகளுக்கு 'சின்னர மேளா' நடத்துகிறது. சின்ன வயதில் ஒரு கூட்டம் நம்மைச் சேர்த்துக்கொண்டால் அது எவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்பதற்கு அவர் வாழ்க்கையே போதும்.

நாங்கள் அடிக்கடி போடுவது கன்னடக் கவிஞர் குவெம்புவின் 'பொம்மனஹள்ளிய கிந்தரிஜோகி'. ஊரில் எலித்தொல்லை, எலிகளை இசையால் இழுத்துப்போகும் ஜோகி, வாக்குத் தவறும் ஊர்த்தலைவர். இதில் எலிகள் எத்தனை வேண்டுமானாலும் இருக்கலாம் என்பது முகாமுக்கு வாய்த்த வரம். எந்தப் பிள்ளையும் மேடைக்கு வெளியே நிற்காது. கன்னடம் வாயில் நுழையாத பிள்ளை முதலில் கீச்சிடும், பிறகு கோரஸில் ஒரு வரி சேரும், ஒத்திகை முடிவதற்குள் எல்லோர் வசனமும் அதற்கு மனப்பாடம். எங்கள் வீட்டில் யாருக்கும் கன்னடம் தெரியாது என்று முதல் நாள் சொன்ன சேலத்துக் குடும்பத்துப் பையன், வீட்டுக்குப் போய்த் தன் அப்பாவுக்குக் கடைக்காரரிடம் எப்படிப் பேசுவது என்று சொல்லிக்கொடுத்தான்.

பெற்றோரிடம் கேட்பது

இன்று பெங்களூரில் கோடை முகாம்களுக்குப் பஞ்சமில்லை. ஒவ்வொரு அபார்ட்மென்ட்டின் கிளப் ஹவுஸிலும் ரோபாட்டிக்ஸ், கோடிங், வேதக் கணிதம், ஒரு மணிக்கு ஒன்று என்று வரிசையாக நடக்கும். ஒரே காம்பவுண்டுக்குள் வளர்ந்த, ஒரே மாதிரிப் பள்ளிக்குப் போகிற, ஒரே மாதிரி சம்பளக்காரர் வீட்டுப் பிள்ளைகள் ஒரு மணி நேரம் கூடிக் கலைவார்கள். முடிவில் சான்றிதழ். அங்கே எதையாவது கற்றுக்கொள்வார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. புதிதாக யாரையும் சம்பாதிக்கமாட்டார்கள் என்பதுதான் என் துக்கம்.

என்னிடம் வரும் பெற்றோர் பலர், முடிவில் என் பிள்ளைக்கு என்ன வரும் என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. எனக்குத் தெரிந்த இருவரைச் சொல்கிறேன். ஒருத்தி பீன்யாவில் கார்மென்ட்ஸ் வேலைக்குப் போகும் தாயின் மகள். மற்றவள் வைட்ஃபீல்டு இன்ஜினியர் வீட்டுப் பெண். முகாமில் ஒரே அண்டாவைத் தேய்த்தவர்கள், ஒரே கயிற்றைப் பிடித்தவர்கள். அதற்குப் பிறகு அவர்கள் பள்ளியும் தெருவும் எங்கேயும் சந்திக்கவில்லை, இவர்கள் சந்தித்துக்கொண்டார்கள். முதலாமவள் நர்சிங் படித்தபோது ஆங்கிலத்தில் திணறிய பாடங்களை மற்றவள் ஞாயிறுதோறும் வீடியோ காலில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தாள். மற்றவளுடைய அப்பா தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்த இரவுகளில் முதலாமவள் தன் டூட்டி முடித்துவிட்டு வந்து வெளியே பெஞ்சில் கூட இருந்தாள். இருவரும் இப்போது என் முகாமின் தொண்டர்கள்.

எல்லா முகாம் சிநேகிதமும் இப்படி நீடிக்காது. பெரும்பாலானவை ஓரிரு ஆண்டில் வாட்ஸ்அப் குழுவில் பிறந்தநாள் வாழ்த்தாகத் தேய்ந்துவிடும். அதில் எனக்கு வருத்தமில்லை. ஒருமுறை அந்நியர் ஒருவரோடு அப்படிச் சேர்ந்திருந்த பிள்ளை, கல்லூரி விடுதியிலும் வேலையிடத்திலும் புது ஊரிலும் தயங்காமல் முதல் வார்த்தை பேசும். சிநேகிதம் போனாலும் சிநேகிதம் கொள்ளும் பழக்கம் நிற்கும்.

ஆகவே பெற்றோரிடம் நான் கேட்பது இவ்வளவுதான். பிள்ளைக்குத் தெரிந்தவர் யாருமில்லாத முகாமாகப் பாருங்கள். இரவு தங்கும் முகாமாகப் பாருங்கள். உங்கள் வீட்டு வருமானமும் பாஷையும் இல்லாத பிள்ளைகள் அங்கே இருக்கிறார்களா என்று விசாரியுங்கள். பிள்ளைகளின் பாதுகாப்புக்கு என்ன விதிகள் என்று ஒளிவுமறைவில்லாமல் கேளுங்கள். பதில் திருப்தியாக இல்லாவிட்டால் அனுப்பாதீர்கள். தட்டு யார் கழுவுகிறார்கள் என்றும் கேளுங்கள். பிள்ளைகளே கழுவுகிறார்கள் என்றால் நல்ல முகாம். அனுப்பிய பிறகு மணிக்கொரு புகைப்படம் கேட்காதீர்கள்.

புதிதாகத் தொண்டு செய்ய வருகிற இளைஞர்களிடம் சொல்வதற்கும் என்னிடம் ஒன்று உண்டு. அவர்களில் பாதிப் பேர் எங்கள் பழைய முகாம் பிள்ளைகள். பேருந்து வந்து நின்றதும் விளையாட்டைத் தொடங்க அவசரப்படுவார்கள். முதலில் எல்லாப் பிள்ளைகளின் பெயரையும் கற்றுக்கொள்ளுங்கள் என்பேன், இருட்டுவதற்குள். பிறகு ஒவ்வொரு பிள்ளைக்கும், அது இல்லாவிட்டால் இன்னொரு பிள்ளையின் காரியம் நடக்காது என்கிற மாதிரி ஒரு வேலை கொடுங்கள். மற்றதைப் பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்கள்.